தோலில் தொடங்கி மூட்டில் வளரும் நோய்

பினாங்கு மாநிலத்தின் தலைநகரான ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியா பகுதி விடியும் முன்பே விழித்துக்கொள்ளும். குவீன் தெருவில் 1833இல் எழுப்பப்பட்ட அருள்மிகு மகா மாரியம்மன் ஆலயத்தைச் சுற்றியுள்ள பூக்கடைகளில் மல்லிகையும் சாமந்தியும் வந்திறங்கும். காலைப் பூசைக்கு முன்பே சரம் தொடுத்து முடிக்க வேண்டும். அத்தகைய ஒரு கடையில் பூக்கட்டும் பெண்மணி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவருக்கு வயது நாற்பது இருக்கும். சில வாரங்களாக அவருடைய வலக்கை மோதிர விரல் அடிமுதல் நுனிவரை வீங்கியிருக்கிறது. மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க ஒரு மணி நேரம் ஆகிறது. நாள் முழுவதும் நார் சுற்றுவதால் வந்த வலி என்று எண்ணித் தைலம் தடவிக்கொள்கிறார்.

அவர் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்குச் சென்றபோது, மருத்துவர் விரலைப் பார்த்துவிட்டு எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்கிறார்: “அம்மா, தலையில், காதுக்குப் பின்னால், தொப்புளில் எங்கேயாவது செதில் செதிலாகப் படை இருக்கிறதா?” தலையில் எட்டு ஆண்டுகளாக ஒரு திட்டு இருப்பது உண்மைதான். அவர் அதைப் பொடுகு என்றே நினைத்திருந்தார். விரல் வலிக்கும் தலைப்பொடுகிற்கும் என்ன தொடர்பு என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால், அந்தத் தொடர்புதான் நோயைக் காட்டிக் கொடுக்கிறது. அந்நோயின் பெயர் சொரியாசிஸ் மூட்டழற்சி.

சொரியாசிஸ் என்பது நாட்பட்ட ஒரு தோல் நோய். சித்த மருத்துவத்தில் இதனைக் காளாஞ்சகப்படை என்பர். இயல்பான தோலின் அடிப்பகுதியில் பிறக்கும் செல், மேலே வந்து உதிர்வதற்கு ஏறக்குறைய 28 நாள் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் அந்தப் பயணம் மூன்று முதல் ஐந்து நாளில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, தடித்த திட்டுகளாகி, வெள்ளி நிறச் செதில்களாக உதிர்கின்றன. முழங்கை, முழங்கால், தலை, முதுகின் கீழ்ப்பகுதி ஆகியவை இந்நோய் விரும்பித் தங்கும் இடங்கள். உலகில் குறைந்தது 10 கோடிப் பேர் இந்நோயால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டது. இது தொற்றுநோய் அன்று. ஒரே தட்டில் உண்டாலும், ஒரே குளத்தில் நீந்தினாலும், கைகுலுக்கினாலும் பரவாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழங்காலத்தில் சொரியாசிஸ் உள்ளவர்களையும் தொழுநோயாளிகளையும் மருத்துவர்களே வேறுபடுத்திப் பார்க்கவில்லை. வியன்னா நகரின் தோல் மருத்துவர் ஃபெர்டினாண்ட் வான் ஹெப்ரா 1841இல்தான் இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் நின்று பார்த்தால் ஜெரெஜாக் தீவு தெரியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்த இடம் அது. தோலில் திட்டு கண்டாலே விலகி நிற்கும் பழக்கம் அக்காலத்தின் அச்சத்திலிருந்து வந்தது. இன்றும் பலர் நீண்ட கைச்சட்டை அணிந்து திட்டுகளை மறைக்கின்றனர். மருத்துவரிடமும் சொல்லத் தயங்குகின்றனர். தோலில் உள்ளதை மறைத்தால் மூட்டில் உள்ளதன் காரணமும் மறைந்துபோகிறது.

சொரியாசிஸ் உள்ளவர்களில் எல்லாருக்கும் மூட்டழற்சி வருவதில்லை. ஆய்வுகள் கூறும் அளவுகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினர் வரை பாதிக்கப்படலாம் என்பது பொதுவான கணிப்பு. பெரும்பாலோருக்குத் தோல் நோய் முதலில் வரும். பல ஆண்டுகள் கழித்தே மூட்டு வலி தொடங்கும். சிலருக்கு இரண்டும் ஒரே காலத்தில் தலைகாட்டும். இன்னும் சிலருக்கு மூட்டு வலி முந்திக்கொள்ளும். இந்த மூன்றாம் பிரிவினரின் நோயைக் கண்டறிவதுதான் மிகக் கடினம். ஆண், பெண் இருபாலருக்கும் ஏறத்தாழச் சமமாகவே இந்நோய் வருகிறது. முப்பது முதல் ஐம்பது வயதிற்குள் தொடங்குவது வழக்கம். மலேசியாவின் சொரியாசிஸ் நோயாளிகள் பதிவேட்டில் இந்தியர்களின் பங்கு, நாட்டு மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிடக் கூடுதலாக உள்ளது. சிங்கப்பூரில் சொரியாசிஸ் மூட்டழற்சி நோயாளிகளை ஆராய்ந்தவர்களும் இதையே கண்டனர். ஆதலால், இது தமிழ்க் குடும்பங்களுக்குத் தொலைவில் உள்ள செய்தியன்று.

தோலும் மூட்டும் ஒரே நோயால் தாக்கப்படுவது எப்படி? கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல் தவறாக இயங்கி, சொந்த உடலையே தாக்குவதுதான் அடிப்படைக் காரணம். எதிர்ப்பாற்றல் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சில புரதங்களைப் பயன்படுத்துகின்றன. அச்செய்திகள் ஓயாமல் சென்றுகொண்டிருந்தால், தோலில் செதில் குவிகிறது. மூட்டின் உட்சவ்வு தடித்து வீங்குகிறது. இந்நோய்க்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற தசைநாண், எலும்பில் வந்து ஒட்டும் இடத்தையே அது குறிவைக்கிறது. குதிகால் அத்தகைய இடம். முழங்கால் சில்லின் கீழ்ப்பகுதியும் முழங்கையின் வெளிப்புறமும் அத்தகையவை. மரபணு இதில் பங்கு வகிக்கிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ நோய் இருந்தால் வாய்ப்பு கூடும். ஆனால், மரபு மட்டுமே போதாது. தொற்று, காயம், கடும் மன உளைச்சல், உடற்பருமன் போன்ற ஏதோ ஒன்று நோயைத் தூண்டிவிடுகிறது.

இந்நோயைத் தனி நோயாக ஏற்றுக்கொள்ள மருத்துவ உலகிற்கு நெடுங்காலம் பிடித்தது. பிரெஞ்சு மருத்துவர் ழான் லூயி அலிபெர், சொரியாசிஸும் மூட்டு வலியும் சேர்ந்து வருவதை 1818இல் குறிப்பிட்டார். 1860இல் பியேர் பாசான் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர் அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். ஆனால், முடக்குவாதம் உள்ள ஒருவருக்குத் தற்செயலாகச் சொரியாசிஸும் வந்திருக்கலாம் என்றே பலரும் வாதிட்டனர். அவ்வாதத்தை முறியடித்தது ஓர் இரத்தப் பரிசோதனை. முடக்குவாத நோயாளிகள் பலரின் இரத்தத்தில் காணப்படும் ‘முடக்குவாதக் காரணி’யை நார்வே நாட்டின் எரிக் வாலர் 1940இல் விவரித்தார். பிறகு சொரியாசிஸுடன் மூட்டு வலியும் உடையவர்களைச் சோதித்தபோது, அவர்களில் பெரும்பாலோரின் இரத்தத்தில் அக்காரணி இல்லை. அப்படியானால், இது வேறொரு நோயாகத்தான் இருக்க வேண்டும். 1964இல் அமெரிக்க வாதநோய்ச் சங்கம் இதனைத் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது.

அடுத்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பணியாற்றிய மோல், வெர்னா ரைட் என்னும் இரு மருத்துவர்கள் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சொரியாசிஸ் மூட்டழற்சி எல்லாரிடமும் ஒரே மாதிரி தோன்றுவதில்லை என்று கூறி, அதனை ஐந்து வடிவங்களாகப் பிரித்தனர். அரை நூற்றாண்டு கடந்தும் மருத்துவ மாணவர்கள் அவ்வைந்து வடிவங்களையே முதலில் கற்கின்றனர்.

முதலாவது, சில மூட்டுகளை மட்டும் தாக்கும் வடிவம். நான்கு அல்லது அதற்கும் குறைவான மூட்டுகளே இதில் பாதிக்கப்படும். இடமும் வலமும் ஒத்திருக்காது. வலது முழங்கால் வீங்கியிருக்கும், இடது முழங்கால் நலமாக இருக்கும். ஒரு கையில் ஒரு விரல், மறு காலில் ஒரு விரல் என்று தாறுமாறாக வரும். மோல், ரைட் ஆகியோர் கண்ட நோயாளிகளில் பத்தில் ஏழு பேர் இவ்வகையினர். பூக்கட்டும் பெண்மணியின் விரலும் இவ்வகையைச் சார்ந்ததே. மூட்டு மட்டும் வீங்காமல் விரல் முழுவதும் உருண்டு திரண்டு காணப்படுவது இந்நோயின் முத்திரை எனலாம். மருத்துவர்கள் அதனைச் ‘சாசேஜ் விரல்’ என்பார்கள். விரலின் மூட்டுகள், அவற்றின் மேல் ஓடும் தசைநாண், அதன் உறை ஆகிய அனைத்தும் ஒருங்கே அழற்சி அடைவதால் இவ்வாறு ஆகிறது. காலின் விரலில் வந்தால், காலணி கடித்தது என்றோ எங்கோ இடித்துக்கொண்டது என்றோ எண்ணி விட்டுவிடுவோர் பலர்.

இரண்டாவது வடிவம் முடக்குவாதத்தைப் போலவே வேடமிட்டு வரும். இரு கைகளின் மூட்டுகள், இரு மணிக்கட்டுகள், இரு கால்கள் என்று ஐந்துக்கும் மேற்பட்ட மூட்டுகளை இருபுறமும் சமமாகத் தாக்கும். தோலையும் நகத்தையும் பார்க்காமல் கையை மட்டும் பார்க்கும் மருத்துவர் இதை முடக்குவாதம் என்று முடிவு செய்துவிடக்கூடும்.

மூன்றாவது வடிவம் நகத்தை ஒட்டிய கடைசி விரல் மூட்டுகளைத் தாக்குவது. எண்ணிக்கையில் குறைவு என்றாலும், இந்நோயின் இயல்பை இது தெளிவாகக் காட்டுகிறது. முடக்குவாதம் பொதுவாக அந்த மூட்டுகளை விட்டுவிடும். முதுமையில் வரும் மூட்டுத் தேய்மானம் அங்கே வருவதுண்டு. அதனால் குழப்பமும் வருவதுண்டு. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது நகம். சொரியாசிஸ் உள்ளவரின் நகத்தில், குண்டூசியால் குத்தியதைப் போன்ற சிறு குழிகள் காணப்படும். சிலருக்கு நகத்தின் அடியில் எண்ணெய்த் துளி படிந்தாற்போல் மஞ்சள் கலந்த பழுப்புத் திட்டு தெரியும். சிலருக்கு நகம் சதையிலிருந்து மேலெழும்பிப் பிரியும். இதைப் பூஞ்சைத் தொற்று என்று கருதி மாதக்கணக்கில் களிம்பு பூசுவோரும் உளர். நகத்திற்கும் மூட்டிற்கும் என்ன உறவு என்ற கேள்விக்கும் லீட்ஸ் நகரில் பின்னாளில் நடந்த ஆய்வுகளே விடை தந்தன. விரலை நிமிர்த்தும் தசைநாணின் இழைகள் கடைசி எலும்போடு நின்றுவிடுவதில்லை; அவை நீண்டு சென்று நகத்தின் வேரையும் சூழ்ந்துகொள்கின்றன. ஆகவே, தசைநாண் ஒட்டும் இடத்தில் அழற்சி ஏற்பட்டால் நகமும் தப்பாது. மருதாணியும் நகச்சாயமும் அழகுதான். ஆனால், மருத்துவரைக் காணச் செல்லும் நாளில் அவை சான்றுகளை மறைத்துவிடும்.

நான்காவது, முதுகெலும்பையும் இடுப்பின் பின்புற மூட்டையும் பற்றும் வடிவம். உழைப்பால் வரும் முதுகுவலி, படுத்து ஓய்வெடுத்தால் குறையும். இந்த முதுகுவலியோ ஓய்வெடுத்தால் கூடும். எழுந்து நடமாடினால் குறையும். பின்னிரவில் வலி எழுப்பிவிடும். நாற்பது வயதிற்கு முன்பே மெல்லத் தொடங்கி, மூன்று மாதத்திற்கு மேலும் நீடித்தால் ஐயுற வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியிலோ பாலத்தின் வழியாகவோ நாள்தோறும் தீவுக்கு வந்து வேலை செய்யும் இளைஞர் ஒருவர், நீண்ட நேரம் மோட்டார் சைக்கிள் ஓட்டியதால் வந்த வலி என்று இதனை ஆண்டுக்கணக்கில் தாங்கிக்கொள்ளக்கூடும். எச்.எல்.ஏ. பி27 என்னும் மரபணு உடையவர்களிடம் இவ்வடிவம் கூடுதலாகக் காணப்படுகிறது. கவனிக்காமல் விட்டால் முதுகெலும்பின் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குனியவும் திரும்பவும் இயலாத நிலை வரலாம்.

ஐந்தாவது வடிவம் மிக அரிது. மிகக் கொடியதும் அதுவே. விரல் எலும்புகளின் முனைகள் கரைந்துபோகும். எலும்பு குறுகியதும் விரலும் குட்டையாகி, மேலே தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். பிடித்து இழுத்தால் விரல் நீளும், விட்டால் சுருங்கும். தொலைநோக்கியின் குழாய் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதைப் போன்ற காட்சி அது. எக்ஸ்ரே படத்தில் ஓர் எலும்பின் முனை பென்சிலைச் சீவியது போலவும், அடுத்த எலும்பு அப்பென்சிலைத் தாங்கும் கிண்ணம் போலவும் தெரியும். முடக்குவாதத்தில் எலும்பு அரிக்கப்படும், அவ்வளவுதான். சொரியாசிஸ் மூட்டழற்சியில் ஓரிடத்தில் எலும்பு அரிக்கப்படுகையில், அதன் அருகிலேயே தேவையற்ற புது எலும்பும் முளைக்கும். ஒரே விரலில் இடிப்பும் கட்டுதலும் ஒருங்கே நடைபெறும் இவ்விந்தை, எக்ஸ்ரே படத்தில் நோயை அடையாளம் காண உதவுகிறது.

இந்த ஐந்து வடிவங்களும் ஐந்து தனித்தனிப் பெட்டிகள் அல்ல என்பதையும் கூற வேண்டும். ஒரு விரலில் தொடங்கிய நோய், சில ஆண்டுகளில் பல மூட்டுகளுக்குப் பரவி இரண்டாம் வடிவமாக மாறலாம். விரல்நுனியும் முதுகும் ஒரே ஆளிடம் சேர்ந்து பாதிக்கப்படலாம். மோல், ரைட் ஆகியோர் கூறிய விகிதங்களுக்குப் பின்வந்த ஆய்வுகள் உடன்படவில்லை. சிலவற்றில் இரண்டாம் வடிவமே முதலிடம் பெற்றது. குதிகால் வலியை இந்த ஐந்தில் எதிலும் அடக்க முடியாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளை ஏறி இறங்கியவருக்குக் குதிகால் வலிப்பது இயல்பு. சில நாளில் அது தணிந்துவிடும். பல வாரம் ஓய்வெடுத்தும் விடாமல், காலையில் முதல் அடி வைக்கும்போதே குத்துகிற வலி, அதுவும் தோலில் திட்டு உள்ள ஒருவருக்கு வந்தால், அது படிகளின் குற்றமாக இராது.

சிறுவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. அவர்களில் பலருக்குத் தோலில் எதுவும் தோன்றும் முன்பே மூட்டு வீங்கிவிடுவதால், பந்து பட்ட காயம் என்று பெற்றோர் எண்ணிவிடுகின்றனர்.

நோயை உறுதிப்படுத்த ஒரே ஓர் இரத்தப் பரிசோதனை இருந்தால் எளிதாக இருந்திருக்கும். அப்படி ஒன்று இல்லை. எனவே, மருத்துவர் துப்பறிவாளரைப் போல் தடயங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டியுள்ளது. பல நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 588 நோயாளிகளை ஆராய்ந்து, 2006இல் ‘காஸ்பர்’ என்னும் புள்ளி முறையை வெளியிட்டனர். முதலில் மூட்டிலோ முதுகிலோ தசைநாண் ஒட்டும் இடத்திலோ அழற்சி இருக்க வேண்டும். அதன்பின், இப்போது சொரியாசிஸ் இருந்தால் இரண்டு புள்ளி. முன்பு இருந்து மறைந்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்கேனும் இருந்தாலோ ஒரு புள்ளி. நகத்தில் மாற்றம், முழு விரல் வீக்கம், முடக்குவாதக் காரணி இன்மை, எக்ஸ்ரேயில் மூட்டருகே புது எலும்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மொத்தம் மூன்று புள்ளி பெற்றால் போதும். பூக்கட்டும் பெண்மணியின் தலையில் உள்ளது சொரியாசிஸ் என்று தெரிந்தால் இரண்டு. விரல் வீக்கத்திற்கு ஒன்று. இரத்தத்தில் காரணி இல்லையென்றால் மற்றொன்று. நகத்தைப் பார்க்கும் முன்பே அவர் நான்கு புள்ளி பெற்றுவிடுகிறார். இம்முறை ஆய்வுக்காக உருவானது என்றாலும், மருத்துவமனைகளிலும் வழிகாட்டியாகப் பயன்படுகிறது.

மற்றொரு குழப்பத்திற்கும் இங்கு இடமுண்டு. பெருவிரல் மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கினால் ‘கவுட்’ என்று சொல்லிவிடுவது வழக்கம். சொரியாசிஸ் உள்ளவர்களின் இரத்தத்திலும் யூரிக் அமிலம் கூடியிருக்கலாம். ஆகவே, அந்த ஒரு முடிவை மட்டும் வைத்துக்கொண்டு கவுட் என்று தீர்மானித்தால், உண்மையான நோய் தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும். காலதாமதத்தின் விலை பெரிது. மருத்துவரைக் காண ஆறு மாதம் தாமதித்தவர்களுக்கே எலும்பு அரிப்பும் செயல்திறன் குறைவும் கூடுதலாக இருந்ததாக அயர்லாந்து ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒருமுறை அரிக்கப்பட்ட மூட்டை எந்த மருந்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது.

சிகிச்சை நோயின் வடிவத்தைப் பொறுத்தது. வடிவங்களை அறிவதன் பயன் இங்குதான் வெளிப்படுகிறது. ஓரிரு மூட்டுகள் மட்டும் என்றால், அழற்சியைத் தணிக்கும் வலி மாத்திரைகளோ மூட்டினுள் போடும் ஊசியோ போதுமானதாக இருக்கலாம். பல மூட்டுகள் பாதிக்கப்பட்டால் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் தேவை. ஆனால், மெத்தோட்ரெக்சேட் முதுகெலும்பு வடிவத்தில் பயன் தருவதில்லை. அதற்கு வேறு மருந்துகளை நாட வேண்டும். எதிர்ப்பாற்றல் செல்கள் அனுப்பும் செய்திப் புரதங்களையே இடைமறிக்கும் ‘உயிரியல்’ ஊசிமருந்துகள் 2000க்குப் பிறகு பயன்பாட்டிற்கு வந்தன. அவற்றுள் ஒன்றான இட்டனர்செப்ட், இந்நோய்க்காக 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவை நன்கு வேலை செய்கின்றன. விலையோ மிக அதிகம். எல்லா நோயாளிகளுக்கும் இவை எட்டுவதில்லை.

மெத்தோட்ரெக்சேட்டின் பின்னால் ஒரு வரலாறு உண்டு. எல்லப்பிரகட சுப்பாராவ் 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். 1920களில் அமெரிக்கா சென்றார். குடல் நோயால் தம் சகோதரர்களை இழந்தவர் அவர். லெடர்லி ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பின்னர், அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய மருந்துகளையும் உருவாக்கியது. புற்றுநோய்க்காகவே அவை முதலில் எண்ணப்பட்டன. சுப்பாராவ் 1948இல் காலமானார். மூன்று ஆண்டுகள் கழித்து, மூட்டுவாதத்திற்கு அமினோப்டெரின் கொடுத்தபோது சொரியாசிஸ் திட்டுகள் மறைவதை அமெரிக்க மருத்துவர் கப்னர் கண்டார். மூட்டைக் கவனித்தவர் தோலில் பயனைக் கண்டது இந்நோயின் தன்மைக்குப் பொருத்தம்தான். இன்று மெத்தோட்ரெக்சேட் உட்கொள்வோருக்குப் பக்க விளைவைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரையும் தரப்படுகிறது. இரண்டும் ஒரே ஆய்வகத்தின் பிள்ளைகள்.

இம்மருந்தை வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கல்லீரலையும் இரத்த அணுக்களையும் கண்காணிக்கக் குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கருவுற்ற பெண்கள் இதனை உட்கொள்ளக் கூடாது.

வலி தாங்காதபோது இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கப்படும் ‘பாரம்பரிய’ மூட்டுவலி மாத்திரைகளைச் சிலர் நாடுகின்றனர். இரண்டே நாளில் வலி பறந்துவிடும். காரணம் மூலிகை அன்று. இத்தகைய பொருள்கள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. சொரியாசிஸ் உள்ளவருக்கு இதில் இரட்டை ஆபத்து. உட்கொள்ளும் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த தோல் நோய் உடலெங்கும் சீழ்க்கொப்புளங்களாகச் சீறி எழக்கூடும்.

மருந்தோடு வேறு சிலவும் உதவும். உடல் எடை குறைந்தால் மூட்டின் சுமை குறைவதோடு மருந்தும் நன்கு வேலை செய்கிறது. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் இருவரில் ஒருவர் கூடுதல் எடையோ உடற்பருமனோ உடையவர் என்பதை எண்ணும்போது, இது சிறிய செய்தியன்று. புகைப்பதை நிறுத்த வேண்டும். நீச்சல், மெதுநடை போன்ற பயிற்சிகள் மூட்டு இறுகாமல் காக்கும். கண் சிவந்து வலித்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதே அழற்சி கண்ணின் உட்பகுதியையும் தாக்குவதுண்டு.

அமெரிக்கக் கோல்ஃப் வீரர் ஃபில் மிக்கல்சன் 2010இல் தமக்குச் சொரியாசிஸ் மூட்டழற்சி இருப்பதாக அறிவித்தார். ஒரு பெரிய போட்டிக்கு முன்பு, படுக்கையிலிருந்து எழுந்து நடக்கவே அவர் சிரமப்பட்டிருந்தார். சிகிச்சை பெற்று 2013இல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் வென்றார். 2021இல், ஐம்பது வயதில், பி.ஜி.ஏ. வெற்றியாளர் பட்டத்தையும் கைப்பற்றினார்.

பூக்கட்டும் பெண்மணிக்குப் பட்டங்கள் தேவையில்லை; விரல்கள் மடங்கினால் போதும். கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டணம் செலுத்தி, மருத்துவர் எழுதித் தந்த கடிதத்தோடு அவர் ரெசிடென்சி சாலையில் உள்ள பினாங்கு மருத்துவமனைக்குச் செல்கிறார். அங்கே தோல் நோய் மருத்துவர் தலையைப் பார்ப்பார். மூட்டுவாத நிபுணர் விரலை அழுத்திப் பார்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். மெத்தோட்ரெக்சேட் தொடங்கினால், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதையும் சொல்லி அனுப்புவார்கள். அதுவரை வலி இருக்கத்தான் செய்யும். மோதிரத்தை அறுத்தெடுத்துவிட்டு, வாரத்தில் மாத்திரை போட வேண்டிய நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்துக்கொண்டு, அவர் இடக்கையால் நார் சுற்றப் பழகிக்கொண்டிருப்பார்.